ஊர் மாறி வந்தவரின் கதைதான் அது

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழர் வாழும் கொழிஞ்சாம்பாறையில் வாசிப்பு நாள் விழாவில் நடந்த பட்டிமன்றத்தில் பேசியது)

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவரான என் பழைய வாத்தியார் மாஷ் அவர்களே, வழியில் இரண்டு கள்ளுக்கடை இருந்தும் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற சித்தூர் தாலுகா பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

இப்போதுதான் பஸ் இறங்கி வந்தவர்களுக்காகத் தலைப்பை இன்னொரு முறை சொல்கிறேன். சல்மான் ருஷ்டி எழுதி 1988 செப்டம்பரில் லண்டனில் வெளிவந்த 'சாட்டானிக் வெர்சஸ்' நாவல் இடம்பெயர்ந்தவர்களின் கதையா, நம்பிக்கையின் மீது வீசிய வசையா? கதைதான் என்பது எங்கள் அணி. வசைதான் என்று மாஷ் பேசி முடித்துவிட்டார், நீங்களும் கைதட்டி முடித்துவிட்டீர்கள். எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

இன்று ஜூன் 19. ஊர் ஊராகப் போய் நூலகம் திறக்கவைத்த பி.என். பணிக்கர் 1995-ல் மறைந்த நாள் என்பதால் கேரளம் முழுக்க வாசிப்பு நாள் கொண்டாடுகிறோம். இதே ஜூன் 19-ல்தான், 1947-ல், பம்பாயில் சல்மான் ருஷ்டி பிறந்தார். தெரிந்துதான் இந்தத் தலைப்பை இன்றைக்கு வைத்தீர்களா என்று விழாக்குழுவைக் கேட்டேன். "அப்படியா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

மாஷ் பேச்சின் சாரம் இது. நபிகளை நினைவூட்டும் பாத்திரத்துக்கு, அந்தக் கால ஐரோப்பியர்கள் இழிவாகச் சொன்ன பெயரை வைத்தார். நபிகளின் துணைவியர் பெயர்களை விலைமாதர் விடுதிப் பெண்கள் சூடிக்கொள்வதாக எழுதினார். கேட்டால் எல்லாம் ஒரு பாத்திரத்தின் கனவு என்கிறார். "உன் தாயைப் பற்றி ஒருவன் கனவு கண்டதாகச் சொல்லிக் கண்டபடி பேசினால் நீ சும்மா இருப்பாயா?" என்று மாஷ் கேட்டபோது அரங்கமே அடங்கிவிட்டது, நானும்தான். அந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துப் போக மாட்டேன், அதற்கு வருகிறேன். முதலில் கணக்கு. மாஷ் எனக்கு ஏழாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். கற்றதை அவரிடமே காட்டுவதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

நாவலில் ஒன்பது பாகங்கள். ஒற்றைப்படை பாகங்கள் ஐந்தும் அன்றைய லண்டனிலும் பம்பாயிலும் நடக்கின்றன. இரட்டைப்படை நான்கும் கனவு. அந்த நான்கிலும் இரண்டாவதும் ஆறாவதும் மட்டும்தான் மாஷ் சொன்ன விஷயம். நான்கிலும் எட்டிலும் ஆயிஷா என்று ஒரு பெண் வருகிறாள். வண்ணத்துப்பூச்சிகளே அவளுக்கு ஆடை. கடல் பிளந்து வழிவிடும் என்று சொல்லி, ஒரு கிராமத்தையே மக்காவுக்குக் கால்நடையாகக் கூட்டிப்போகிறாள். 1983-ல் கராச்சிக் கடற்கரையில் அப்படி ஒரு கூட்டம் நிஜமாகவே கடலில் இறங்கியது. அந்தச் செய்தியின் பிள்ளைதான் இந்தக் கதை. ஆக, சண்டையெல்லாம் ஒன்பதில் இரண்டுக்கு.

உடனே எதிரணித் தங்கச்சி எழுந்து, "ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதாதா?" என்பார். குறிப்பெடுக்கிற வேகத்திலேயே தெரிகிறது. சரி தங்கச்சி, 1988-லிருந்து எல்லாரும் அந்தத் துளியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். குடத்தில் என்ன இருந்தது என்று இந்த ஊரில் யாராவது ஒரு மேடையில் சொன்னார்களா?

கதை இதுதான். பம்பாயிலிருந்து லண்டன் போகிற விமானம், கடத்தல்காரர்கள் கையில் சிக்கி, ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே வெடிக்கிறது. இரண்டு பேர் மட்டும் பிழைத்து இங்கிலாந்துக் கரையில் விழுகிறார்கள். ஒருவன் ஜிப்ரீல் ஃபரிஷ்டா, எல்லாச் சாமி வேஷமும் கட்டிய இந்திப் பட நட்சத்திரம். கிருஷ்ணர் வேஷம் போட்ட என்.டி. ராமராவ் ஆந்திராவில் 1983-ல் முதலமைச்சரே ஆனதைப் பார்த்த தென்னிந்தியர்கள் நாம், நமக்கு இந்தப் பாத்திரத்தை விளக்க வேண்டியதில்லை. இன்னொருவன் சலாதீன் சம்சா. அப்பா வைத்த பெயர் சலாஹுத்தீன் சம்சாவாலா. இங்கிலாந்துக்காரர் நாக்குக்கு வசதியாக அவனே வெட்டிச் சிறிதாக்கிக்கொண்டான். விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பது தொழில். டிவியில் கெட்சப் பாட்டில் பேசினால் அது அவன் குரல். குரல் வீட்டுக்கு வீடு கேட்கும், முகம் மட்டும் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. தான் ஆங்கிலேயனாகவே ஆகிவிட்டதாக நம்பியவன்.

அப்படி நம்பியவனுக்கு என்ன நடக்கிறது? கள்ளத்தனமாகக் குடியேற வந்தவன் என்று போலீஸ் பிடித்து வேனில் ஏற்றி உதைக்கிறது. அதற்குள் அவன் தலையில் கொம்பு முளைத்துவிட்டது, பாதம் குளம்பாகிவிட்டது, உடம்பெல்லாம் ரோமம். வேனிலேயே ஆட்டுப்புழுக்கை போடுகிறான். நான் பிரிட்டிஷ் குடிமகன் என்று கத்துகிறான், யாரும் நம்பவில்லை. பிறகு கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தால், நிஜமாகவே குடிமகன்! போலீஸுக்கு உதறல் எடுக்கிறது. இன்னும் நாலு அடி போட்டு மயங்கவைத்து ஆஸ்பத்திரியில் கிடத்திவிட்டுப் போகிறார்கள். அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிற எல்லாருக்கும் இதே கதி. வால் முளைத்த நைஜீரியா வியாபாரிகள், பாம்பாக மாறிப்போன செனகல்காரர்கள், பம்பாயில் மாடலாக இருந்து இங்கே வந்து புலித்தலையோடு கிடக்கிற ஒருவன். இதை யார் செய்கிறார்கள், எப்படி முடிகிறது என்று சலாதீன் கேட்கிறான். அவர்கள் நம்மை வர்ணிக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் வரைகிற படத்துக்குள் நாம் போய் விழுந்துவிடுகிறோம் என்கிற மாதிரி புலித்தலைக்காரன் பதில் சொல்கிறான்.

ஆடாகிப்போன மனிதனைப் பாலக்காட்டுக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டுமா? பென்யாமின் 2008-ல் 'ஆடுஜீவிதம்' எழுதினார். வளைகுடா போன நஜீப் பாலைவனத்துப் பட்டியில் ஆடுகளோடு ஆடாகவே ஆகிவிடுகிறான். அதை வாசித்து அழாத வீடு இந்தப் பக்கம் இருக்கிறதா? 2024-ல் படமாக வந்தபோது மறுபடியும் அழுதோம். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியதாக நான் சொல்லவில்லை. ஒரு மனிதனைச் சொந்த ஊரிலிருந்து பிடுங்கி, அவன் காகிதத்தை நம்ப மறுத்தால் அவன் என்னவாகிறான் என்ற கேள்விக்கு, இரண்டு எழுத்தாளர்களுக்கும் ஒரே மிருகம் வந்து நின்றிருக்கிறது. நஜீபுக்காக அழுத நமக்கு சலாதீனைத் தெரியாமல் போனது ஏன்? அவனை நம் கண்ணிலேயே காட்டவில்லை, அதனால்தான்.

சலாதீனுக்கு நடந்தது நமக்கு நடக்காததா? சித்தூர் தாலுகா கொச்சி மகாராஜாவிடம் இருந்தது. பக்கத்துப் பாலக்காடு மலபார் ஜில்லா, அது சென்னையோடு இருந்தது. 1956 நவம்பர் 1-லிருந்து எல்லாம் கேரளம். நம் தாத்தாக்கள் தோட்டத்தை விட்டு நகரவே இல்லை, ஆனால் ஆள்கிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பாலக்காடு டவுனுக்குப் போனால் நம்மைப் பாண்டி என்பார்கள். வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால், மலையாளத்துக்காரங்க வந்துட்டாங்க என்பார்கள். அதே சாம்பார், அதே வேட்டி, இரண்டு பட்டம். தமிழில் மனுக் கொடுக்க நமக்கு 1969 ஆட்சிமொழிச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. கொடுத்துப் பாருங்கள், கவுண்டரில் வாங்குகிறவர் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம்.

இதற்குக் கைதட்டுகிறீர்கள். பொறுங்கள், அடுத்ததற்கும் தட்டுகிறீர்களா என்று பார்க்கிறேன். கஞ்சிக்கோடு இரும்பு உருக்கு ஆலைகளில் யார் வேலை செய்கிறார்கள்? ஒடிசாக்காரர், ஜார்க்கண்ட்காரர், அசாம்காரர். நாம் அவர்களை என்னவென்று கூப்பிடுகிறோம்? எல்லாரும் பெங்காலி! அரசாங்கம் மரியாதையாக 'அதிதி தொழிலாளி' என்று எழுதுகிறது, விருந்தாளியாம். நம் வீட்டுத் திண்ணையில் வேறு பேச்சு. திருட்டுப் போனால் பெங்காலி, காய்ச்சல் வந்தால் பெங்காலி. அந்தப் புலித்தலைக்காரன் சொன்ன வர்ணிக்கிற அதிகாரம் கொஞ்சம் இப்போது நம் கைக்கும் வந்திருக்கிறது. யாருக்குக் கொம்பு வரைந்துகொண்டிருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

(கைதட்டலே காணோம். பரவாயில்லை.)

நாவலில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒரு டீக்கடை. சாந்தார் கஃபே என்று பெயர். டாக்காவில் பள்ளி ஆசிரியராக இருந்த முகமது சுஃபியான் லண்டனில் நடத்துகிறார். நடத்துகிறார் என்பது சும்மா. சமைப்பது, வியாபாரம் பார்ப்பது எல்லாம் மனைவி ஹிந்த். அவர் மேஜையில் உட்கார்ந்து புத்தகம் பேசுவார். நம்ம ஊரிலும் இப்படிப்பட்ட மாஷ்கள் உண்டு, யாரையும் குறிப்பிடவில்லை. ஹிந்துக்கோ மனசெல்லாம் எரிச்சல். ஊரில் வாத்தியார் மனைவி என்று மதிப்பு, இங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. இரண்டு மகள்களுக்கும் தாய்மொழி ஒவ்வொரு சொல்லும் புரியும், ஆனால் அதில் பேசவே மாட்டார்கள். தாய்மார்களே, தமிழ் மீடியம் ஸ்கூலில் பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஜூன் மாதம் வந்தால் நம் வீடுகளில் நடக்கிற சண்டை உங்களுக்கே தெரியும். ஹிந்த் அடுப்படியில் நின்று முணுமுணுப்பது நம் சமையல்கட்டு முணுமுணுப்புத்தான்.

ஆடாகிப்போன சலாதீன் ஒளிந்துகொள்ள வருவது இந்தக் கடை மாடிக்கு. சுஃபியான் அவனுக்குச் சோறு போடுகிறார். அப்புறம், அவர் வழக்கப்படி, பழைய ரோமானியக் கவிஞர்கள் இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறார். லுக்ரீஷியஸ் சொல்கிறார்: ஒன்று தன் எல்லையைத் தாண்டி மாறிவிட்டால், பழையது செத்துவிட்டது என்று பொருள். ஓவிட் சொல்கிறார்: இல்லை, மெழுகில் எத்தனை முத்திரை குத்தினாலும் மெழுகு மெழுகுதான், ஆன்மா அப்படியே இருக்கும். இவற்றில் எது உண்மை? அந்த மாடியறையில் நடக்கிற இந்தச் சின்னப் பட்டிமன்றம்தான் நாவலின் உயிர் என்பேன். ஊர் விட்டு ஊர் வந்தவர் எவரும் ராத்திரியில் தனக்குள் கேட்டுக்கொள்கிற கேள்வி அது. நான் பழைய ஆளா, வேறு ஆளாகிவிட்டேனா? சாமி கும்பிடுகிறேன், நோன்பு பிடிக்கிறேன், ஆனால் அம்மா பிடித்த அதே நோன்பா இது?

மாஷ், உங்கள் வீட்டையே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ராவுத்தர் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், தொழுகையில் அரபு, கடைவீதியில் மலையாளம். இதே பாலக்காட்டுத் தஸ்ராக் ஊரையும் ராவுத்தர்களையும் வைத்து ஓ.வி. விஜயன் 1969-ல் 'கசாக்கின் இதிகாசம்' எழுதினார். யூமா வாசுகி தமிழில் கொண்டுவந்தார். அதில் சையது மியான் ஷேக் ஆயிரத்தொரு குதிரைகளோடு வருகிறார். ஒரு குதிரைக்கு முடியாமல் போகிறது, அதற்காகப் படையே தங்குகிறது, தங்கியவர்களின் சந்ததிதான் கசாக்குக்காரர்கள் என்பது ஊர் நம்பிக்கை. அந்த ஷேக்கை முஸ்லிம்களும் கும்பிடுகிறார்கள், ஈழவர்களும் கும்பிடுகிறார்கள். எங்கிருந்தோ வந்த ஒருவர், நொண்டிக் குதிரை ஒன்றால், உள்ளூர்த் தெய்வமாகிவிட்டார். லுக்ரீஷியஸா ஓவிடா? நீங்களே சொல்லுங்கள் மாஷ்.

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். தாயைப் பற்றிய கேள்வி.

முதலில் பெயர். அந்த இழிபெயரை ஏன் வைத்தார் என்பதற்கு நாவலுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. பகைவர் வசையாக வீசிய பெயரை எடுத்துப் பெருமையாகச் சூடிக்கொள்வது பலமாகும் என்று எழுதியே வைத்திருக்கிறார். சலாதீன் விஷயத்திலும் அதைத்தான் காட்டுகிறார். அந்தப் பகுதி ஆசியப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஆட்டுமனிதனைப் பற்றிக் கேள்விப்பட்டு, ரப்பர் கொம்பு வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு தெருவில் திரிகிறார்கள். எங்களைப் பேய் என்கிறாயா, இந்தா பார் கொம்பு! இது மாஷுக்கு ஒப்பாது, தெரியும். தெருப்பிள்ளைகள் மாட்டுகிற கொம்பும் கோடிப் பேர் உயிராக மதிக்கிற ஒருவரின் பெயரும் ஒன்றா என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் கேலி செய்வதற்காக மட்டும் வைத்த பெயர் அது என்று இனிமேல் சொல்ல முடியாது.

அடுத்து, கனவு. கனவு என்று சொல்லித் தப்பிக்கிறார் என்கிறீர்கள். கனவு காண்பவன் கதி என்ன ஆகிறது என்று யாரும் சொல்லவில்லையே! ஜிப்ரீலுக்குக் கடும் நோய் வருகிறது, கடவுளைக் கூப்பிடுகிறான், பதில் இல்லை. குணமானதும், கடவுள் இல்லை என்று காட்டுவதற்காகவே விலக்கப்பட்ட இறைச்சியைத் தின்கிறான். அன்றிலிருந்துதான் கனவுகள் அவனைப் பிடிக்கின்றன. தூங்கவே பயப்படுகிறான், புத்தி பேதலிக்கிறது, காதலித்த பெண்ணின் சாவுக்குக் காரணமாகிறான், கடைசியில் தன்னையே சுட்டுக்கொள்கிறான். நம்பிக்கையை இழந்தவன் கூத்தாடிக் களிப்பதாக இந்த நாவல் எழுதவில்லை. அவன் உடைந்து சிதறுவதை எழுதுகிறது. பிழைப்பது யார் தெரியுமா? பம்பாய்க்குத் திரும்பி, சண்டை போட்டுப் பிரிந்த அப்பாவின் சாவுப் படுக்கையருகே இருந்து பார்த்துக்கொண்டு, வெட்டிப்போட்ட தன் முழுப்பெயரை மறுபடி எடுத்துக்கொள்கிற சலாஹுத்தீன். நம்பிக்கையை வைய மட்டும் வந்த ஒரு புத்தகம் இப்படி முடியுமா?

இவ்வளவு சொன்ன பிறகும் ஆறாம் பாகத்து அந்த விடுதிக் காட்சி ஒரு முஸ்லிமுக்கு வலிக்கும். வலிக்கிறது என்பவரைப் பார்த்து, உனக்கு இலக்கியம் தெரியாது என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. மாஷின் மனசு நோவது எனக்கு விளையாட்டு அல்ல. ஆனால் அந்த வலியே எங்கள் அணிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

எப்படி? 1989 ஜனவரி 14-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் அந்தப் புத்தகத்தைக் கம்பில் கட்டி எரித்தார்கள். உலகமே அந்தப் படத்தைப் பார்த்தது. எரித்தவர்கள் யார் என்று யாரும் பார்க்கவில்லை. அவர்களில் பலரும் பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மிர்பூர் பக்கத்துக் குடும்பங்கள். 1960-களில் ஜீலம் ஆற்றில் மங்களா அணை கட்டியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடும் வயலும் இழந்தார்கள். கிளம்பியவர்கள் போய்ச் சேர்ந்த ஊர்களில் ஒன்று பிராட்ஃபோர்ட், கம்பளி மில் ஊர். உள்ளூர்க்காரர் வேண்டாம் என்ற ராத்திரி ஷிஃப்ட் இவர்களுக்கு. அப்புறம் மில்லும் மூடியது. கோயம்புத்தூர் மில்கள் ஒவ்வொன்றாக மூடியதைப் பார்த்த இந்த மண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். நிலம் போனது, வேலை போனது, பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். கையில் மிஞ்சியது ஒன்று, தீன், அதாவது மார்க்கம். அதிலும் கை வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால்? சட்டத்திடம் போனார்கள். தெய்வநிந்தனைச் சட்டம் கிறிஸ்தவ மதத்துக்கு மட்டும்தான் என்று 1990-ல் இங்கிலாந்து நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடியுரிமை உண்டு, சட்டத்தின் பாதுகாப்பு இல்லை! சலாதீன் வேனில் கத்தியதும் இதைத்தானே?

எரித்தவரும் ஊர் விட்டு வந்தவர், எழுதியவரும் ஊர் விட்டு வந்தவர். பம்பாயில் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்துப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, விடுமுறைக்கு வீடு திரும்பலாம் என்றால் பெற்றோர் கராச்சிக்குக் குடிபோய்விட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே காயம். அந்தப் பிராட்ஃபோர்ட் மனிதரைப் பற்றிய நாவலை அவரே எரித்தார் என்பதுதான் இந்த விவகாரத்தில் என்னால் தாங்க முடியாத இடம்.

அவர் கைக்கு அது நாவலாக வந்துசேரவே இல்லை என்பதும் உண்மை. பிரிட்டனில் அந்தக் குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் நகலெடுத்துப் பள்ளிவாசல்களுக்கு அனுப்பினார்கள். இங்கேயும் 1989-ல் ஒரு ஜெராக்ஸ் கைமாறிக் கைமாறித் தன்னிடம் வந்தது, அதைத்தான் வாசித்தேன் என்று மாஷ் நேர்மையாகச் சொன்னார். அந்த நேர்மை டில்லியில் வேறு விதமாக இருந்தது. தடை கேட்ட நாடாளுமன்ற உறுப்பினர் சையத் சகாபுதீன், தான் வாசிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதினார், வாசிக்கத் தேவையில்லை என்றும் எழுதினார். 1988 அக்டோபர் 5-ல் ராஜீவ் காந்தி அரசு இறக்குமதியைத் தடுத்தது. தடுத்தது எந்த அமைச்சகம்? நிதி அமைச்சகம், சுங்கச் சட்டத்தின் கீழ்! தங்கக் கட்டியையும் நாவலையும் ஒரே மேஜையில் வைத்துச் சோதித்தார்கள். நூலின் இலக்கியத் தகுதியை இந்தத் தடை குறைக்காது என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். நல்ல மதிப்புரைக்கு நன்றி என்று ருஷ்டி பதில் எழுதினார். 2024 நவம்பரில் டில்லி உயர்நீதிமன்றம் அந்த அறிவிப்பைக் காட்டுங்கள் என்றால், யாராலும் காட்ட முடியவில்லை. காகிதம் இல்லாததால் அப்படி ஒரு தடையே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 36 வருஷம் ஒரு தொலைந்துபோன காகிதத்துக்குப் பயந்திருந்தோம். இதை ருஷ்டி கதையாக எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறார் என்றிருப்போம்.

உயிர்ச்சேதத்தை மாஷ் பட்டியல் போட்டார், நான் மறுக்கவில்லை. பம்பாயில் நாவலை எதிர்த்துப் போன ஊர்வலத்தில் போலீஸ் குண்டு பட்டவர்களும், கொலையுண்ட ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் இகராஷியும் ஒரே துக்கம்தான். 2022 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் மேடையேறி ருஷ்டியைக் குத்தி ஒரு கண்ணைப் பறித்த இளைஞனும் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைதான். எத்தனை பக்கம் வாசித்தாய் என்று கேட்டதற்கு, ஏறக்குறைய இரண்டு பக்கம் என்றான். புத்தகம் கொன்றதா, அந்த வாசிக்காத பக்கங்கள் கொன்றனவா என்று நடுவர்தான் சொல்ல வேண்டும்.

தங்கச்சி ஒரு நல்ல பாயிண்ட் வைத்தார். அதே 1988-ல் தேங்காப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' எழுதினார், தன் சமுதாயத்தை உள்ளிருந்தே விமர்சித்தார், யாரும் எரிக்கவில்லையே என்றார். நானும் மீரானின் வாசகிதான். ஆனால் உள்ளிருந்து அன்பாகப் பேசினால் தொல்லை வராது என்று நினைத்துவிட வேண்டாம். அதே குமரி மாவட்டத்துத் தக்கலையில் கவிஞர் ஹெச்.ஜி. ரசூலை 2007-ல் ஒரு கட்டுரைக்காக ஊர்விலக்கம் செய்தார்கள். அவர் லண்டனிலா இருந்தார்? அப்புறம், மீரானுக்குத் திரும்பிப் பார்த்தால் ஒரு ஊர் இருந்தது, அந்த ஊர்ப் பேச்சு இருந்தது. திரும்பிப் பார்க்க ஊரில்லாதவன் எழுதினால் அதே தொனியில் எழுத மாட்டான். கொஞ்சம் கத்துவான், கொஞ்சம் கோமாளித்தனம் செய்வான், சில இடத்தில் அளவு மீறுவான். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற நம்ம வீட்டுப் பையன்கள் ஊர்த்திருவிழாவில் செய்கிற அட்டகாசத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரு நிமிஷம் அய்யா.

நூலகச் செயலாளர் முன்வரிசையில் இருக்கிறார். சேட்டா, இதோ அந்த நாவல். டில்லியில் மறுபடி விற்பனைக்கு வந்ததும் என் அண்ணன் மகன் வாங்கி அனுப்பினான். ஆங்கிலம்தான், கனமான புத்தகம்தான். நன்கொடைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். முதலில் எடுத்துப்போகிறவர் பெயர் மாஷ் பெயராக இருக்கட்டும். ஜெராக்ஸில் இல்லாத பக்கங்கள் நிறைய இருக்கின்றன மாஷ், சாந்தார் கஃபே வருவது ஐந்தாம் பாகத்தில். தவணை தாண்டினால் அபராதத்தை நான் கட்டிவிடுகிறேன். வணக்கம்.